முதல் வரியில் என்ன எழுதுகிறோம்?

(மருத்துவமனை ஞாயிறன்று ஆதரவாளர் கூட்டத்தில் பேசியது)



உங்கள் காணிக்கையால் நடக்கும் எலும்பு முறிவு வார்டில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்த வாலிபர்கள் உண்டு. வண்டியே இல்லாதவர்களும் உண்டு. பால் வாங்கப் போனவர், ஆலயத்துக்கு நடந்து வந்த பாட்டி.

2023-ல் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவை மினி லாரி இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்திருந்தது. கொண்டுவந்த மகனிடம் விசாரித்தோம். "வழுக்கி விழுந்துட்டாங்க" என்றான். லாரிக்காரர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, போலீசுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நாங்களும் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டோம். காலில் டயர் தடம் தெரிந்தும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. தவறு எங்களுடையது, உங்களிடம் மறைக்க மனமில்லை.

பணம் பத்து நாளில் தீர்ந்தது. கடை மூடிக் கிடந்தது. ஒரு மாதம் கழித்து மகன் புகார் கொடுத்து வழக்குப் போட்டபோது, இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டியது எங்கள் பதிவேட்டின் நகலைத்தான். எங்கள் டாக்டர் போய்ச் சாட்சி சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆகவே சிலவற்றை உங்கள் சபைகளில் சொல்லுங்கள். போலீஸ் வழக்கு ஓட்டுநருக்குத் தண்டனை வாங்கித் தரும், அவ்வளவுதான். நஷ்டஈட்டுக்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 166-ம் பிரிவின்படி, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும். அடிபட்டவர் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். வைத்தியச் செலவு மட்டுமல்ல, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானமும், நிரந்தர ஊனமும் கணக்கில் வரும். 2022 ஏப்ரல் முதல் 6 மாதத்துக்குள் மனு என்று சட்டத்தில் வந்திருக்கிறது. கெடு தாண்டியவர்களும் வக்கீலைக் கேட்காமல் கைவிட வேண்டாம்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். மனுவை வருவாய்த் துறை அதிகாரி விசாரிப்பார். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி கிடைக்கும்.

அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்கள் போலீசுக்குப் பயந்து வாசலிலேயே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பயம் வேண்டாம். பெயர் சொல்லும்படிகூட அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு.

இப்போது எங்கள் அவசரப் பிரிவில் உறவினரிடம் மட்டுமல்ல, நோயாளியிடமும் தனியே கேட்டபின்தான் நர்சுகள் பதிவேட்டை எழுதுகிறார்கள். உங்கள் சபையில் வக்கீல்கள் இருந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வார்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியும் காபியும் எங்கள் பொறுப்பு.