கணக்கில் வராத கைமாற்று



கணினிக் கடையில் விற்கும் யுபிஎஸ் பெட்டி ஒன்றில் 600 விஏ என்று பெரிதாகவும், 360 வாட் என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கிப்போனவர், 500 வாட் இழுக்கும் கருவிகளை அதில் மாட்டுகிறார். மின்சாரம் நின்றதும் பெட்டி கூவிவிட்டு அணைந்துபோகிறது. அச்சிட்டிருந்ததில் பொய் எதுவும் இல்லை. விஏ, அதாவது வோல்ட் ஆம்பியர், குறிப்பது தோற்றத் திறன். வாட் குறிப்பது உண்மைத் திறன்.

மின்கலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். 230 வோல்ட் இணைப்பில் ஒரு தண்ணீர் மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,150. அதே மோட்டாரை வாட்மீட்டரில் இணைத்துப் பார்த்தால் 920 வாட்தான் காட்டுகிறது.

மோட்டார் சுழல வேண்டுமானால் அதன் சுருளுக்குள் காந்தப்புலம் உருவாக வேண்டும். அதற்கான ஆற்றலை மோட்டார் செலவழிப்பதில்லை, கைமாற்றாக வாங்குகிறது. வாங்கியதை அடுத்த கணமே கம்பி வழியாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் விநாடிக்கு 100 முறை நடக்கிறது. இப்படிப் போய்வரும் பங்கு தண்ணீரை ஒரு அங்குலம்கூட மேலே ஏற்றாது. ஆனால் அது இல்லாமல் மோட்டார் சுழலவே சுழலாது.

அந்தக் கைமாற்று எவ்வளவு? 1,150-இல் 920-ஐக் கழித்து 230 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இங்கே பள்ளியில் படித்த பிதாகரஸ்தான் கைகொடுக்கிறார். செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கம் 1,150, ஒரு பக்கம் 920 என்றால் மூன்றாவது பக்கம் 690. உண்மைத் திறனைத் தோற்றத் திறனால் வகுத்தால் கிடைக்கும் 0.8-தான் திறன் காரணி.

திரும்பி வந்துவிடுகிற ஆற்றல்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் வழியில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் செம்புச் சுருளுக்கு எது உழைக்கிற மின்னோட்டம், எது கைமாற்று மின்னோட்டம் என்ற பேதம் தெரியாது. அதனால்தான் டிரான்ஸ்ஃபார்மரின் அளவைக் கிலோவாட்டில் சொல்லாமல் கேவிஏ-வில் சொல்கிறார்கள். திறன் காரணி 0.8 ஆனால் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் 80 கிலோவாட் உழைப்பைத்தான் கொடுக்க முடியும். திறன் காரணியை 0.7-இலிருந்து 0.95-க்கு உயர்த்தினால், அதே வேலைக்குக் கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்பு ஏறத்தாழ 46 சதவீதம் குறைகிறது.

மருந்து எளியது. காந்தச் சுருள் ஆற்றலை வாங்குகிற கணத்தில் மின்தேக்கி கொடுக்கிறது. சுருள் திருப்பித் தருகிற கணத்தில் மின்தேக்கி வாங்கிக்கொள்கிறது. எங்கோ இருக்கும் மின்நிலையத்தோடு நடந்த கைமாற்று பக்கத்து வீட்டோடு முடிந்துவிடுகிறது. கிணற்று மோட்டாருக்குப் பொருத்தமான கெப்பாசிட்டரை இணைத்து, அது கெடும்போது மாற்றிவரும் விவசாயிக்கு மின்கட்டணத்தில் லாபம் எதுவும் இல்லை. ஆனால் அந்த லைனில் மின்னழுத்தம் சரிவது குறைகிறது. கடைசித் தோட்டத்துக்காரரின் மோட்டார் காயில் கருகும் அபாயமும் குறைகிறது. ஒருவர் செய்து ஊரே பயன்பெறும் காரியம் இது.

இந்தக் கைமாற்றை வெகுதூரத்திலிருந்து கொண்டுவருவதும் கடினம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈஸ்ட்லேக் மின்நிலையத்தின் ஐந்தாவது அலகு, மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க இந்த வகைத் திறனை அளவுக்கு மீறிக் கொடுக்கும் நிலைக்குப் போய், பிற்பகல் 1.31 மணிக்கு நின்றுபோனது. கம்பிகள் மரங்களில் உரசியது, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது என்று கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் இருளில் தவித்தார்கள்.

தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு உச்சத் தேவையைக் கேவிஏ-வில் அளக்கிறார்கள். திறன் காரணி 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணமும் உண்டு. ஆலைக்காரர் மின்தேக்கிக்குச் செலவழித்தால் அது திரும்பி வரும். வீட்டு மீட்டரின் கதை வேறு. வீட்டுக் கட்டணத்துக்கு அது எண்ணுவது உண்மைத் திறன் செலவான யூனிட்டை மட்டுமே.

ஆகவே, பிளக்கில் செருகினால் போதும், கரண்ட் பில் பாதியாகும் என்று சொல்லி விற்கும் சின்னப் பெட்டிகளை நேயர்கள் வாங்க வேண்டாம். மின்தேக்கி உள்ளே இருந்தாலும், வீட்டு மீட்டர் எண்ணாத ஒன்றை அது மிச்சப்படுத்தி என்ன பயன்? சுமார் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறியை எடுத்துவிட்டு, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறி ஒன்றை மாட்டுங்கள். மீட்டர் அதைக் கட்டாயம் எண்ணும்.