வீட்டில் விளக்கு எங்கே இருக்க வேண்டும்?



வீட்டில் விளக்கு உண்டா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் சமைத்து, உண்டு, படித்து வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பின்னர்ப் பல தோட்டங்களுக்கு ஜெனரேட்டர் வந்தது. அது மாலையில் ஓடத் தொடங்கி, இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்சாரம் கிடைப்பதற்கு முதலாளி வகை செய்ய வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆகவே, விளக்கு வேண்டும் என்பதைப் பற்றி இன்று நாம் பேசப்போவதில்லை. இருக்கின்ற விளக்கை எங்கே மாட்டுவது என்பதைப் பற்றியே பேசப்போகிறோம்.

லயத்து வீடுகள் பலவற்றில் நாம் காண்பது இதுதான்: முன்கூடத்தில் நான்கடிக் குழல் விளக்கு பளிச்சென்று எரிகிறது. அதன்கீழே தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. அடுப்படிக்குச் சென்றாலோ கரி படிந்த சிறு பல்பு ஒன்று, எரிகிறதா இல்லையா என்று ஐயுறும்படி தொங்கிக்கொண்டிருக்கிறது. கூடத்திற்கு விருந்தினர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்கள்? அடுப்படியிலோ ஆண்டு முழுவதும் விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடுகிறது. பெரட்டுக்குப் போகுமுன் சோறு ஆக்கி, காய் நறுக்கி, கொதிக்கும் குழம்பை இறக்கி வைக்கும் தாய்க்கு வீட்டிலேயே மிக மங்கலான வெளிச்சம்! கத்தியும் நெருப்பும் கொதிநீரும் புழங்கும் இடம் அதுவே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. நல்ல விளக்கு முதலில் அடுப்படிக்கு. அடுத்தது பிள்ளை படிக்கும் இடத்திற்கு. கூடம் மூன்றாவதாக இருக்கட்டும்.

அடுப்படியில் விளக்கு இருந்தால் மட்டும் போதாது. அறையின் நடுவே விளக்கு தொங்க, சுவரோரம் நின்று காய் நறுக்குபவருக்கு வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. அவருடைய நிழல் அவருடைய கைமீதே விழுகிறது. விளக்கை வேலை செய்யும் பலகைக்கு நேர்மேலே அல்லது சற்று முன்பக்கமாக மாட்டினால் அந்த நிழல் அகன்றுவிடும். ஆனால், அடுப்புக்கு நேர்மேலே மாட்டுவது நன்றன்று. ஆவியும் எண்ணெய்ப் புகையும் அதனை விரைவில் மூடிவிடும்.

சுவரையும் பாருங்கள். வெள்ளையடித்த சுவர் தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கரி படிந்த சுவரோ அதனை விழுங்கிவிடுகிறது. புதிய பல்பு வாங்குவதற்கு முன் ஒரு வாளிச் சுண்ணாம்பு வாங்குவது சிக்கனம். பல்பை அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைப்பதற்குச் செலவே இல்லை.

அடுத்து, பிள்ளைகளின் படிப்பு. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இடக்கையால் எழுதுவோருக்கு வலப்பக்கம். இல்லையேல் எழுதும் எழுத்தின்மீதே கையின் நிழல் விழும். விளக்கு அருகில் இருப்பதால் கிடைக்கும் பயனைப் பலர் அறிவதில்லை. ஒரு பல்பு புத்தகத்திலிருந்து ஆறடி தூரத்தில் இருப்பதைவிட மூன்றடி தூரத்தில் இருந்தால், புத்தகத்தின்மீது விழும் ஒளி இரு மடங்கு அன்று, ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே உயரத்தில் எரியும் பெரிய பல்பைவிட மேசைமீதுள்ள சிறிய விளக்கே மேலானது. அதற்கு ஒரு மறைப்பும் இருக்கட்டும். இரண்டே அறைகள் உள்ள வீட்டில், அதிகாலையில் பால்வெட்டுக்குப் புறப்பட வேண்டிய தந்தை ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார். மகளோ தேர்வுக்குப் படித்தாக வேண்டும். பெரிய விளக்கை எரித்தால் அவருக்கு உறக்கமில்லை. அணைத்தால் இவளுக்குப் படிப்பில்லை. மறைப்புள்ள மேசை விளக்கு இந்தப் பிணக்கைத் தீர்த்துவிடும்.

படுக்கும் இடத்திற்கு மஞ்சள் சாயலுள்ள மங்கலான விளக்கே ஏற்றது. நீலச் சாயல் கலந்த கடும் வெண்ணொளி இரவில் உறக்கம் வருவதைத் தாமதப்படுத்துகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் உறுதிப்படுத்தியுள்ளனர். கைப்பேசித் திரையின் ஒளியும் அத்தகையதே. கூடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமர்ந்து பேசுவதற்குப் படிப்பதற்கு வேண்டிய வெளிச்சம் தேவையில்லை. சாமி மேடையில் ஏற்றும் விளக்கின் அருகே திரைச்சீலை தொங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இத்தனை விளக்குகளுக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். பழைய 60 வாட் பல்பு தந்த வெளிச்சத்தை இன்று ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரித்தால், 30 நாளில் பழைய பல்புக்கு 9 யூனிட் மின்சாரம் செலவாகும். புதியதற்கு ஒன்றரை யூனிட் கூட ஆகாது. அதாவது, பழைய பல்பு ஒன்றுக்கு ஆன செலவில் இன்று ஆறு இடங்களில் விளக்கு எரிக்கலாம். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று முத்திரையில்லாத பொருளை வாங்குவது இலாபமன்று.

விளக்கை இடம் மாற்றும் வேலையில் நாமே கை வைக்கலாகாது. பழைய ஹோல்டரில் கம்பியைச் சொருகி இன்னொரு விளக்குக்கு இழுப்பதை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். பலகைச் சுவரும் பழைய கம்பியும் சேர்ந்த வீட்டில் ஒரு பொறி போதும்; லய வீடுகள் வரிசையாக இருப்பதால் நெருப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பதிவு பெற்ற வயர்மேனே இதனைச் செய்ய வேண்டும். வீடு தோட்டத்திற்குச் சொந்தமாகையால், வேண்டியதைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிட, லயத்தார் அனைவரும் சேர்ந்து அடுப்படி விளக்குக்காக ஒரே மனுக் கொடுப்பது பயன் தரும். சங்கத்தின் தோட்டக் கிளையும் உதவலாம்.

இறுதியாக, கொல்லைப்புறம். குளியலறையும் கழிவறையும் வீட்டிற்கு வெளியே இருக்குமானால், அந்த வழிக்கு விளக்கு மிகவும் தேவை. பாம்பும் பூரானும் உலவும் ஈரத் தரையில் முதியவர்களும் குழந்தைகளும் இருட்டில் நடக்கிறார்கள். மழைநீர் புகாத வகை விளக்கு ஒன்றைக் கூரை இறப்பின்கீழ் மாட்டச் சொல்லுங்கள். மஞ்சள் ஒளியாக இருந்தால் பூச்சிகள் அவ்வளவாக நாடிவருவதில்லை. மழைக்காலத்தில் சோற்றுப் பானைக்குள் ஈசல் விழுவதும் குறையும். அதன் சுவிட்சு வெளிச்சுவரில் இருக்கலாகாது. வீட்டிற்குள்ளே, கதவைத் திறக்குமுன் ஒரு சிறு பிள்ளையின் கைக்கும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.