விட்டுவிட்டு ஒலிக்கும் அபாயமணி

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டிச் சேரங்கோட்டில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இளைஞர்களுக்குத் தொழிலில் பயன்படக்கூடிய ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். படகு எஞ்சினில் விட்டுவிட்டு ஒலிக்கும் அபாயமணியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தேயிலைக் காட்டு நடுவே நின்றுகொண்டு கடற்படகைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, டான்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வந்து சேர்ந்தவைதாமே! கடல் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. மேலும், படகில் இருக்கும் டீசல் எஞ்சினும், பாக்டரி ஜெனரேட்டரில் இருப்பதும், ஜீப்பில் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைக் கற்றவன் மற்றதிலும் கை வைக்கலாம்.

நம் தென்னாட்டுக் கடற்கரையில் எஞ்சின் படகு பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இந்தோ–நார்வே திட்டம் 1953-இல் கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் தொடங்கியது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த மீனவர் கையில் எஞ்சின் வந்தது. அதனால் கரையிலிருந்து வெகுதூரம் போக முடிந்தது. ஆனால், வெகுதூரம் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஜீப் நின்றால் இறங்கித் தள்ளலாம். படகு நின்றால் இறங்குவதற்கு இடம் ஏது? அதற்காகத்தான் எஞ்சினில் அபாயமணி வைத்திருக்கிறார்கள்.

அந்த மணி எப்படி ஒலிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் கட்டையில் சிறிய ஸ்விட்சுகள் திருகப்பட்டிருக்கும். ஆயில் பிரஷர் குறைந்தால் ஒரு ஸ்விட்ச் மூடிக்கொள்ளும். தண்ணீர்ச் சூடு அளவுக்கு மீறினால் இன்னொன்று மூடிக்கொள்ளும். பல எஞ்சின்களில் இவையெல்லாம் ஒரே பஸ்ஸருக்குத்தான் போகின்றன. ஆகவே சத்தம் ஒன்று, காரணமோ பல. இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2005 ஆகஸ்ட் 14-ஆம் தேதி உலகம் கண்டது. சைப்பிரஸிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் பறந்த ஹீலியோஸ் விமானத்தில் காற்றழுத்தம் குறைந்ததற்கான மணி ஒலித்தது. வேறொரு கோளாறுக்கும் அதே சத்தந்தான். விமானிகள் அதை அந்த வேறொன்றாக எண்ணிக்கொண்டார்கள். 121 உயிர்கள் போயின. எனவே மணி கேட்டவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “இது எதற்கான மணி?” என்பதே. விளக்கையும் மீட்டரையும் உடனே பாருங்கள்.

நடுக்கடலில் மணி ஒலித்தால், அது உண்மை என்றே முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறையுங்கள். ஆயில் பிரஷர் விழுந்திருந்தால், பாறையோ அலைமுறிவோ பக்கத்தில் இல்லாதவரை, எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆயில் இல்லாமல் ஓடும் பேரிங் நிமிடக் கணக்கில் உருகிப் போகும். சூடு ஏறியிருந்தால், எக்ஸாஸ்டோடு கடல்நீர் சேர்ந்து வெளியேறும் படகுகளில் அந்தத் தண்ணீர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர்த் தொட்டி மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மணி சிறிது நேரம் அடித்து, தானாக நின்றுவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். “நின்றுவிட்டது, ஒன்றுமில்லை” என்று தொடர்ந்து ஓட்டுகிறார்கள். மணி நின்றதனாலேயே கோளாறும் நின்றதாகாது. அது எப்போது ஒலித்தது, எப்போது நின்றது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எஞ்சின் வேகம், சூடு, சுமை, கடலின் ஆட்டம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். நான்கைந்து முறை எழுதிய பிறகு அந்தக் குறிப்பே உங்களுக்கு வழிகாட்டும்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். வேகமாகப் போகும்போது சூட்டு மணி அடித்து, எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறதா? கடல்நீர் உறிஞ்சும் துவாரத்தில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம். உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் விழுந்துவிடும். படகு பலமாக உருளும்போது மட்டும் ஆயில் மணி அடிக்கிறதா? ஆயில் அளவு குறைந்து, பம்ப் காற்றை உறிஞ்சலாம். நெடுநேரம் ஓடியபின் மெதுவாக ஓட்டும்போது அடிக்கிறதா? சூட்டில் ஆயில் இளகியிருக்கலாம், அல்லது அதில் டீசல் கலந்திருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். இவை எல்லாமே விட்டுவிட்டு வரும் கோளாறுகள், எல்லாமே உண்மையானவை.

இனிப் பொய் மணியைப் பார்ப்போம். இந்தச் சோதனைகளைப் படகைக் கரையில் கட்டிய பிறகே செய்ய வேண்டும். முதலில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். அப்போது ஆயில் பிரஷர் இல்லை. ஆகவே மணி அடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் நிற்க வேண்டும். சாவி திருப்பியும் அடிக்காவிட்டால், அது பொய் மணியைவிட மோசமான ஊமை மணி.

அடுத்து, வயர்களைப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். அதிர்வில் வயரின் தோல் உரசி, எஞ்சின் கட்டையைத் தொட்டால், ஸ்விட்ச் மூடியது போலவே மணி அடிக்கும். மணி அடிக்கும்போதே ஆயில் ஸ்விட்சின் வயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால், அழைப்பது அந்த ஸ்விட்ச். நிற்காவிட்டால், வயர் வேறெங்கோ தொடுகிறது, அல்லது அழைப்பது வேறு ஸ்விட்ச். ஆயில் ஸ்விட்ச்தான் என்று தெரிந்தால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிரஷர் மீட்டரைத் திருகி ஓட்டிப் பாருங்கள். மீட்டர் சரியான பிரஷரைக் காட்டினால் ஸ்விட்ச் கெட்டது. குறைவாகக் காட்டினால் எஞ்சின் கெட்டது. பார்க்காமலே ஸ்விட்சை மாற்றுவது வைத்தியமாகாது. ஒன்றை மறவாதீர்கள்: உரசிய வயர் பொய்யாகக் கத்தும், அறுந்த வயர் ஆபத்திலும் வாய் திறக்காது. ஆகவே, கழற்றிய வயரை மாட்டாமல் கரையை விட்டுப் புறப்படக்கூடாது.

சூட்டு ஸ்விட்சை வெந்நீர்ப் பாத்திரத்தில் இட்டுச் சோதிப்பது வழக்கம். மலைவாசிகளாகிய நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும். கடற்கரையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. 95 டிகிரியில் மூட வேண்டிய நல்ல ஸ்விட்ச் அங்கே கொதிநீரில் மூடாது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காதவர் அதைக் கெட்டது என்று எறிந்துவிடுவார்.

இறுதியாக, யாரும் செய்யக்கூடாத ஒன்று: தொல்லை தாங்காமல் மணியின் வயரை வெட்டுவது. 2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் எண்ணெய்த் துளைமேடை வெடித்து, 11 பேர் மாண்டனர். அங்கே பொது அபாயமணி தானாக ஒலிக்காதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்தது என்றும், அதிகாலை மூன்று மணிக்குப் பொய் மணி கேட்டு ஆட்கள் எழ வேண்டாம் என்பதே அதற்குக் காரணம் என்றும், அதில் பணிபுரிந்த தலைமை மின்னணுத் தொழில்நுட்பர் விசாரணையில் சாட்சி சொன்னார். பொய் மணியைப் பழுது பார்க்காமல் வாயைக் கட்டினால், மெய் மணியின் வாயும் சேர்ந்தே கட்டப்படுகிறது.

இது படகுக்கு மட்டுமன்று. யானை நடமாடும் மலையில் வாழ்கிறோம். வால்பாறையில் 2011 முதல், யானை அருகில் இருப்பதைக் குறுஞ்செய்தி வழியாகவும் சிவப்பு விளக்கு மூலமாகவும் தோட்ட மக்களுக்கு அறிவித்து வருகிறார்கள். அத்தகைய விளக்கு எங்கு எரிந்தாலும், “நேற்றும் எரிந்தது, யானை வரவில்லையே” என்று இருட்டில் நடப்பவர், மணி நின்றதும் எஞ்சினை முடுக்குகிற படகோட்டிக்குச் சமம்.

ஆகவே இளைஞர்களே, எச்சரிக்கை ஒலித்தால் முதலில் நம்புங்கள், பிறகு சோதியுங்கள், காரணம் கண்டு பழுது பாருங்கள். உங்கள் கையிலுள்ள எஞ்சினை நம்பிப் படகிலோ ஜீப்பிலோ ஏறியிருப்பவர்களுக்கு அந்த மணியின் பொருள் தெரியாது. அது தெரிந்தவர் நீங்கள்.