திசை அறிந்த ஒளி



விளக்கை ஏற்றினால் வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதுவே விளக்கின் இயல்பு என்று நாம் கொண்டுவிட்டோம். படிக்கும் நூலின்மீது விழ வேண்டிய ஒளியில் ஒரு பகுதி கூரைக்கும் ஒரு பகுதி சுவருக்கும் போய்விடுகிறது. தெருவிளக்கின் ஒளியில் ஒரு பகுதி வானத்திற்குச் சென்று விண்மீன்களை மறைக்கிறது. இதனைத் தடுக்க நாம் கண்ணாடியையும் வில்லையையும் மூடியையும் அமைக்கிறோம். இவையாவும் ஒளி பிறந்த பின்னர் அதனை வழிமறித்துத் திருப்பும் கருவிகள். ஒளி பிறக்கும் இடத்திலேயே, இந்தத் திசையில் செல்க என்று அதனை ஏவ முடியுமா? முடியும் என்று இக்காலத்து அறிவியலார் காட்டியுள்ளனர். அவர்களுக்குத் துணை நின்றவை கண்ணுக்குப் புலனாகாத உலோகத் துகள்கள்.

உலோகத் துகளுக்கும் ஒளிக்கும் உள்ள உறவு பழமையானது. இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைக்கர்கஸ் கிண்ணம் என்னும் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அது கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளே விளக்கை வைத்தால் செந்நிறமாகவும் தோன்றும். கண்ணாடியிற் கலந்துள்ள பொன், வெள்ளி ஆகியவற்றின் நுண்துகள்களே இதற்குக் காரணம். 1857-இல் மைக்கேல் ஃபாரடே பொன்னை நீரில் நுண்துகளாகக் கலந்து செந்நிற நீர்மத்தைப் பெற்றார். 1908-இல் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் மீ அந்நிறத்திற்குரிய கணக்கை வகுத்தார்.

அக்கணக்கின் உட்பொருள் யாது? உலோகத்தினுள் எலெக்ட்ரான்கள் கட்டின்றி உலவுகின்றன. ஒளியலை வந்து மோதினால் அவை ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் ஆடுகின்றன. துகளின் அளவுக்கும் வடிவுக்கும் பொருந்திய அலை வருமாயின் அவ்வாட்டம் ஓங்குகிறது. ஆடும் எலெக்ட்ரான்கள் தாமும் ஒளியை வீசுகின்றன. ஆகவே, ஒவ்வொரு துகளும் ஒரு சிறிய ஆண்டெனா எனலாம்.

ஆண்டெனா என்றதும், ஒரு காலத்தில் தில்லிக் கரோல்பாகிலும் மும்பை மாதுங்காவிலும் நம்மவர் வீட்டு மாடிகளில் மீன்முள் போல் நின்ற தொலைக்காட்சி ஆண்டெனா உங்கள் நினைவுக்கு வரலாம். ஜப்பானிய அறிஞர்களான யாகி, உடா இருவரும் 1926-இல் வெளியிட்ட அமைப்பு அது. அதில் ஒரு குச்சிக்கே கம்பித் தொடர்பு உண்டு. மற்றவை வெறும் உலோகக் குச்சிகள். ஆயினும், அவற்றின் நீளமும் இடைவெளியும் கணக்காக அமைந்திருப்பதால், அலைகள் ஒரு திசையில் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. ஏனைய திசைகளில் ஒன்றையொன்று தணிக்கின்றன.

வானொலி அலைக்குப் பொருந்தும் இவ்விதி ஒளியலைக்கும் பொருந்துமன்றோ? பொருந்தும்; ஆனால் அளவு வேறு. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. குச்சிகளும் அதற்கேற்பச் சிறுத்தல் வேண்டும். 2010-இல் ஜப்பானில் ஒரு குழுவினரும் ஸ்பெயினில் ஒரு குழுவினரும் பொன்னாலான நுண்கோல்களை வரிசையாக நிறுத்தி, ஒளியை ஒருபுறமாகச் செலுத்திக் காட்டினர்.

ஒரு வரிசையோடு நில்லாமல், இலட்சக்கணக்கான துகள்களை நாற்று நட்டாற்போல் சம இடைவெளியில் பரப்பினால் என்ன ஆகும்? 2013-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதனை வெளியிட்டனர். அலுமினியத் துகள்களை அவ்வாறு நிரையாக அமைத்து, மேலே ஒளிரும் சாயப் படலத்தைப் பூசி, நீல ஒளியைச் செலுத்தினர். துகளில்லாத படலத்தைவிட, குறித்த நிறத்தில் குறித்த திசையில் 60 மடங்கிற்கு மேற்பட்ட ஒளி கிடைத்தது. மொத்த ஒளியே 60 மடங்காயிற்று என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சாயம் நீல ஒளியை மிகுதியாக உண்டது; பல திசைகளிற் சிதறியிருக்க வேண்டிய ஒளி ஒரு திசையிற் குவிந்தது. இரண்டும் சேர்ந்த பயன் அது.

உரோமானியக் கிண்ணத்தில் துகள்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. அவை நிறத்தைத் தந்தன. அலுமினியத் துகள்கள் நிரைப்பட நின்றன. அவை திசையையும் தந்தன. ஆகவே திசையைத் தருவது உலோகம் மட்டுமன்று; துகள்களுக்கு இடையே விட்ட வெற்றிடமும் ஆகும்.

குறையும் உண்டு. உலோகம் தன்மீது படும் ஒளியில் ஒரு பங்கை வெப்பமாக்கி விழுங்கிவிடும். ஒளிரும் பொருள் உலோகத்தை மிக நெருங்கினால் இழப்பு மிகும். இத்தனை நுண்ணிய நிரைகளைப் பெரிய பரப்பில் மலிவாக ஆக்குவதும் எளிதன்று. பொன்னை விட்டு மலிவான அலுமினியத்தை நாடியது நல்ல தொடக்கம்.

இன்று நம் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கில், நீல ஒளியின் ஒரு பகுதியை ஒளிரும் பொருள் மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெண்மை பிறக்கிறது. அந்நீல ஒளியைத் தந்த மூவருக்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளியை உண்டாக்க நாம் கற்றுக்கொண்டோம். அவ்வொளியை வேண்டிய இடத்திற்கு மட்டும் அனுப்பக் கற்றுக்கொண்டால், விளக்கின் செலவு மேலும் குறையும். மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு நகரத்து வானிலும் விண்மீன்கள் தெரியும்.