மில்லு வேலை வேற, இந்தப் படிப்பு வேற

(வில்லியனூரில் பிளஸ் டூ மாணவர்கள், பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரையிலிருந்து)



"டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் எடுக்கட்டுமா?"ன்னு போன வாரம் பாகூர் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள அப்பா குறுக்கே வந்துட்டார்: "மில்லுல நான் பட்டது போதாதா?"

அந்தக் கோபம் நியாயமானது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் பலியான மண் இது. 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை, 2011 தானே புயலில் அடிவாங்கி, 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. சங்குச் சத்தம் நின்றுபோன ஊரில் பிள்ளை மறுபடியும் துணி, நூல் என்று ஆரம்பித்தால் பெற்றவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனா ஐயா, நீங்க பார்த்த வேலை வேற, உங்க பொண்ணு கேக்குற வேலை வேற.

வாழைத்தார் வெட்டினதும் மரத்தை என்ன செய்யறோம்? தண்டு கொஞ்சம் சமையலுக்கு. மிச்சம் வரப்புல அழுகுது. அந்த மட்டையில நார் இருக்குன்னு பூ கட்டுற நமக்குத் தெரியாதா? உரிக்க மெஷின் வந்தாச்சு. சென்னை அனகாபுத்தூர் நெசவாளர்கள் அதுல சேலையே நெய்யறாங்க. அப்புறம் ஏன் கடைக்குக் கடை வாழைநார் சட்டை தொங்கல? நார் முரடு. லிக்னினும் பிசினும் ஒட்டிக்கிட்டு விறைப்பா நிக்கும். பஞ்சு நூற்கிற மெஷின்ல அப்படியே ஓடாது. நொதி போட்டு இளக்கணும், ரொம்ப இளக்கினா பலம் போயிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, பஞ்சு எத்தனை பங்கு? இதைக் கண்டுபிடிக்கிறவங்கதான் டெக்ஸ்டைல் இன்ஜினியர். பாதி கெமிஸ்ட்ரி, பாதி மெஷின்.

சாயத்தையும் பாருங்க. திருப்பூர் சாயக்கழிவால் நொய்யல் கெட்டது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பாசனத்துக்கு ஆகாமப் போச்சு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாதுன்னா, தண்ணியிலிருந்து சாயத்தையும் உப்பையும் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமில்ல? பாகூர் ஏரியை நம்பி நெல் போடுற நமக்கு இதோட அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் வளாகத்திலும், கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கு. ஆராய்ச்சிக்குப் போகணும்னா, 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா இருக்கு. மருத்துவத் துணி வரைக்கும் அங்கே ஆய்வு நடக்குது. ஒண்ணை மறைக்க விரும்பல. முதல் சம்பளம் ஐ.டி. கம்பெனி மாதிரி இருக்காது. ஊரை விட்டுத் திருப்பூர், கோவைன்னு போக வேண்டியும் வரும்.

அப்படிப் போறவங்க திரும்பி வர இங்கே இடம் வேணும். மூடிய ஆலை வளாகத்தின் ஒரு மூலையிலாவது நாரும் சாயமும் ஆராய ஒரு சோதனைக்கூடம் அமைக்கச் சொல்லி அரசைக் கேட்கிறோம்.

அந்தப் பொண்ணோட அப்பா மூணாவது வரிசையிலதான் உட்கார்ந்திருக்கார். ஐயா, விண்ணப்பம் போட இன்னும் நாள் இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் கொஞ்சம் இருங்க, பேசுவோம்.