எழும்பி நிற்க ஆள் வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், கல்முனைக் கரையோரத்திலிருந்து வந்த சகோதர சகோதரிகள் ஆற்றிய உரை)



நாங்கள் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது பக்கத்திலிருந்து வந்திருக்கிறோம். எங்களில் தறி நெய்கிறவர்கள் இருக்கிறோம், கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறோம், வயல் செய்கிறவர்கள் இருக்கிறோம். டொக்டர்மார் யாரும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாட்டில் மண் சரிந்து லயங்களையும் வீடுகளையும் மூடியது. அதற்குப் பிறகு உங்கள் மாதர் அணிச் சகோதரி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "சுனாமிக்குப் பொறகு நீங்க எல்லாம் எப்படி எழும்பினீங்க?" அந்தக் கேள்விக்கு எங்களால் முடிந்தவரை உண்மையாகப் பதில் சொல்லத்தான் இந்த மலை ஏறி வந்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலையில் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலம் போல் கழிந்ததும் எங்கள் கரையில் அலை ஏறியது. 1978 நவம்பரில் வந்த சூறாவளி எங்கள் பெரியவர்களுக்கு நினைவிருந்தது. அதனால் காற்றுக்குப் பயப்படத் தெரியும். கடல் இப்படி எழும்பி வரும் என்று எவருக்கும் தெரியாது. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் ஆகக் கூடுதலாக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை; 10,000க்கும் மேல். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலம், சுவரோடு சுவராக வீடுகள். ஓட இடமில்லை. பெண்களும் பிள்ளைகளும்தான் கூடுதலாகப் போனார்கள்.

எங்கள் வழக்கத்தில் மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்குவோம். அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் அப்படிச் செய்ய முடியவில்லை. பலரை ஒரே குழியில் வைத்தோம். சிலரைக் கடைசி வரைக்கும் காணவே இல்லை. இழப்பு ஒரு காயம் என்றால், முறையாக வழியனுப்ப முடியாமல் போனது அதற்கு மேல் இன்னொரு காயம். நீரில் மூழ்கி இறந்தவர்களுக்கு ஷஹீத் என்ற அந்தஸ்து உண்டு என்று எங்கள் பெரியவர்கள் அப்போது எடுத்துச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டவர்கள் எங்களில் பலர். மண்ணுக்குள் போன பிள்ளைக்குக் கருமாதி முறையாகச் செய்ய முடியவில்லையே என்று உங்களில் யாராவது உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தால், அந்த வேதனை எங்களுக்குத் தெரியும். காலம் பிந்தினாலும் அதைச் சேர்ந்து செய்யுங்கள். பிந்திச் செய்தாலும் அது மனத்தைப் போய்ச் சேரும்.

பிறகு நடந்ததைச் சொல்கிறோம். பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்தோம். பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சோறு கொண்டு வந்தவர்களை இன்றைக்கும் நினைக்கிறோம். எங்களுக்குப் பக்கத்துக் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ்ச் சகோதரர்கள் எங்களைப் போலவே வாரிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்திய வருடங்களில் எங்களுக்குள் இருந்த கசப்பை எல்லோரும் அறிவோம். ஆனாலும் அந்த நாட்களில் யார் அடுப்பில் வெந்த சோறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேறு சிலரும் வந்தார்கள். பிள்ளைகளை இருத்தி, "அலை வந்ததைச் சொல்லு, கீறிக் காட்டு" என்றார்கள். நாலு நாளைக்குப் பிறகு வேறொரு கூட்டம் வந்து அதே கேள்வியைக் கேட்டது. எங்கள் பிள்ளைகளில் சிலர் அதற்குப் பிறகுதான் இரவில் அலறத் தொடங்கினார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான், ஆனால் முறை பிழை. வாய் திறக்க விரும்பாதவரை நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில், முதலில் பாதுகாப்பும் சாப்பாடும் இருப்பிடமும், அடுத்து குடும்பமும் ஊரும் ஒன்றுசேர்வது, அதற்கு மேல்தான் சிறப்புச் சிகிச்சை என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும் இதே வரிசைதான்.

இலங்கையரான உளவியல் ஆய்வாளர் காயத்ரி பெர்னாண்டோ, போரிலும் சுனாமியிலும் அகப்பட்ட நம் நாட்டவர்களிடம் பேசிப் பார்த்து ஒன்றைக் கண்டார். நம்மவர்கள் துன்பத்தைத் தலைக்குள் இருக்கிற நோயாகச் சொல்வது குறைவு. உறவும் தன் பொறுப்பும் அறுந்து போனதையே வேதனையாகச் சொல்கிறார்கள். உம்மாவாக இருந்தவளுக்குப் பிள்ளை இல்லை. குடும்பத்தைப் பார்த்தவனுக்குத் தொழில் இல்லை. அப்படியென்றால் தேறுவதும் எங்கிருந்து தொடங்க வேண்டும்? அறுந்த அந்த இடத்தைத் திரும்பக் கட்டுவதிலிருந்துதான்.

எங்கள் மருதமுனை கைத்தறிக்குப் பேர் போன ஊர். பிள்ளைகளைப் பறிகொடுத்த ராத்தா ஒருவர் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அயல் பெண்கள் அவருக்கு எந்தப் புத்தியும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தறிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். முதலில் சும்மா இருந்தார். பிறகு அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் தானே தறியில் ஏறினார். கொஞ்சக் காலம் போனதும், புருஷனை இழந்த இன்னொரு பெண்ணைக் கைபிடித்துக் கூட்டி வந்தது அவர்தான். இன்றைக்கும் டிசம்பர் வந்தால் அழுவார். அழுகையும் நிற்கவில்லை, நெசவும் நிற்கவில்லை.

இதற்குப் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லோரன்ஸ் கல்ஹூன் இருவரும் 1990களில் 'மனவடுவுக்குப் பிந்திய வளர்ச்சி' என்று அதை எழுதினார்கள். பேரிழப்பைக் கடந்த சிலரிடம் ஐந்து மாற்றங்களைப் பார்த்தார்கள்: தன் பலத்தைத் தானே அறிவது, மற்றவர்களோடு நெருங்குவது, புது வழிகள் தெரிவது, உயிரின் அருமை புரிவது, நம்பிக்கை ஆழமாவது. அவர்கள் அழுத்திச் சொன்ன ஒன்றைக் கவனியுங்கள். அழிவு யாரையும் வளர்ப்பதில்லை. அழிவோடு மல்லுக்கட்டுகிற பாட்டில்தான் சிலர் வளர்கிறார்கள். வளர்ந்தவருக்கும் வலி இருக்கும். வளராதவர் பலவீனமானவரும் அல்ல.

அதனால், பிள்ளையை இழந்த தாயிடம் போய் "எல்லாம் நல்லதுக்குத்தான், நீ இதால உறுதியாவாய்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்களிடமும் சொன்னார்கள். அந்த நேரத்தில் அது கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போய் இருங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். பிள்ளையின் பேரைச் சொல்லிப் பேச அவர் விரும்பினால் காது கொடுங்கள்.

எங்கள் ஊர் வளர்ந்தது எங்களுக்கே தெரிய வந்த நாள் ஒன்று உண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி பெரிய பூமியதிர்ச்சி. சுனாமி எச்சரிக்கை வந்தது. எங்களுக்குக் கை கால் நடுங்கியது, எட்டு வருடப் பயமும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை ஒருவரும் கடலைப் பார்க்கப் போகவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். எந்த வீட்டில் நடக்க முடியாத மூத்தம்மா இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்து, கதவைத் தட்டி, தூக்கிக்கொண்டு போனோம். அன்றைக்கு அழிக்கிற அலை வரவில்லை. நடுங்கிக்கொண்டே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோமே, எங்கள் வளர்ச்சி அதுதான்.

எங்களைப் பின்னுக்கு இழுத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது காத்திருப்பு. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் தடை போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். எங்கே இருப்பது என்று தெரியாமலே காலம் போனது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடேறிக் கிடந்தன. வீட்டை எதிர்பார்த்து இருப்பவரிடம் போய் மன உறுதியைப் பற்றி எப்படிப் பேசுவது?

இது உங்களுக்குப் புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போவதற்கு வேறு காணி யார் கொடுத்தார்கள்? தப்பியவர்களும் வீட்டுக்காக நீண்ட காலம் முகாமில் காத்திருந்தார்கள். ஆகவே பாதுகாப்பான காணியும் உறுதிப் பத்திரத்தோடு வீடும் கேட்பது சங்கத்தின் கோரிக்கை மட்டுமல்ல, மனக்காயத்துக்கு மருந்தும் அதுதான். அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் சில. இடம் மாற்றும்போது ஒரு லயத்து ஆட்களைப் பிரிக்காமல் ஒன்றாகக் குடியமர்த்தும்படி கேளுங்கள். இருபது வருட அயலவர் ஒரு பெரிய வைத்தியம். வேலைக்குத் திரும்ப முடியாதவருக்குப் பேர் வெட்டாமல் இருக்கப் பேசுங்கள். திரும்பியவரை முதல் சில வாரம் சரிந்த மலைப் பக்கம் தனியாகக் கொழுந்து எடுக்க அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் சீக்கிரம் பாடசாலைக்குப் போகட்டும், விளையாடட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுகிற மண்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு லயத்திலும் யார் போய்ச் சொல்வது, யாரை யார் தூக்குவது என்று இப்போதே பேர் எழுதி வையுங்கள். மழை பெய்தால் நெஞ்சு அடிக்கும். செய்ய ஒரு வேலை இருந்தால் அந்த அடிப்புக் குறையும்.

பெரும்பாலானோர் காலப்போக்கில் தேறிவிடுவார்கள். எல்லோரும் அல்ல. மாதங்கள் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, எழும்பி முகம் கழுவ மனமில்லை, சாராயத்தை விட முடியவில்லை, செத்தால் போதும் என்கிற பேச்சு வருகிறது என்றால் அது சோம்பலும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் பேசலாம். எங்கள் ஊரில் வெட்கப்பட்டு மறைத்த சிலரை, கடல் விட்டுவைத்த சிலரை, நாங்கள் பிறகு இழந்தோம். அந்தப் பிழையை நீங்கள் செய்யக் கூடாது.

சகோதரி கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: எங்களில் ஒருவரும் தனியாக எழும்பவில்லை. ஒருவர் கையைப் பிடித்து மற்றவர் எழும்பினோம். இன்னும் முழுதாக எழும்பாதவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறோம். உங்கள் தோட்டத்தில் முதலாவது வருட நினைவு நாள் வரும்போது சொல்லி அனுப்புங்கள். நாங்கள் வருவோம். வந்து உங்களோடு இருப்போம்.