பிடியரிசியும் தனி உலையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உலைக்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்தது. பிடியரிசி என்பது அதன் பெயர். எடுத்துவைக்கும் கைக்கு அது இழப்பாகத் தோன்றுவதில்லை. ஆயினும் ஓர் ஊரின் பிடிகளெல்லாம் ஒன்றுசேரின் பலர் பசியாறுவர். இக்காலத்தில் அரிசியைப் போலவே கணக்கிடும் ஆற்றலையும் பிடிபிடியாக எடுத்து வழங்கும் அறமொன்று உலகில் வளர்ந்துள்ளது. வீட்டுக் கணிப்பொறி சும்மா இருக்கும் வேளைகளில், அதன் ஆற்றலை இணையத்தின் வழியே அறிவியல் ஆய்வுக்கு ஈவதே அவ்வறம். தன்னார்வப் பகிர்வுக் கணிப்பு என்று அதனைக் குறிக்கலாம்.

சிலர் இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். ஆய்வுக் கணக்குகளைச் செய்வதற்கென்றே ஒரு கணிப்பொறியைத் தம் வீட்டில் கட்டியமைத்து, இரவு பகலாக இயக்கி வருகின்றனர். பிடியரிசி போதாதென்று பிறருக்காகத் தனி உலையே வைக்கும் செயல் இது. இச்செயல் ஈகையா, வீண் செலவா என்பதே இவ்வுரை ஆராய விழையும் வினா.

முதலில் பிடியரிசியின் கதை. விண்வெளியில் வேறு அறிவுயிர்கள் உளவோ என வானொலி அலைகளில் தேடும் பணிக்குப் பெருங்கணிப்பொறிகள் தேவைப்பட்டன. அவற்றை வாங்கப் பொருள் இல்லை. இல்லந்தோறும் இருக்கும் சிறு பொறிகளைக் கேட்டுப் பெறலாமே என்னும் எண்ணத்தை 1995இல் டேவிட் கெட்யி முன்வைத்தார். டேவிட் ஆண்டர்சன், டான் வெர்திமர் முதலியோர் அதற்கு உருக்கொடுக்க, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1999 மே 17 அன்று சேட்டி அட் ஹோம் என்னும் திட்டம் மக்கள்முன் வைக்கப்பட்டது. போர்ட்டோரிக்கோத் தீவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி பெற்ற வானொலி அலைகள் காந்த நாடாக்களில் பதிவாகி, அஞ்சலில் பெர்க்லிக்கு வந்தன. அங்கு அவை 107 வினாடி அளவுள்ள சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. உரியவர் தேநீர் அருந்த எழுந்தால் பொறி கணக்கில் இறங்கும். அவர் மீண்டும் வந்து அமர்ந்தால் ஒதுங்கிக் கொள்ளும். 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்பணியில் பங்குகொண்டனர்.

அக்காலத்துக் கணிப்பொறிகளில் பல, சும்மா இருந்தாலும் உழைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தை உண்டன. ஆதலின் வழங்கியவருக்கு இழப்பு மிகச் சிறிது. இன்றைய செயலிகளின் இயல்பு வேறு. வேலையில்லாதபோது அவை ஆழ்ந்து உறங்கி மிகக் குறைந்த மின்சாரத்தோடு அமைகின்றன. வேலை கொடுத்தால் பன்மடங்கு உண்கின்றன. எனவே, மிச்சத்தைத்தான் தருகிறோம் என்னும் ஆறுதல் இன்று முழு உண்மையன்று. எடுத்துவைக்கும் ஒவ்வொரு பிடிக்கும் விலை உண்டு. தனிப்பொறி கட்டுபவர் இவ்வுண்மையை மறைக்காமல் ஏற்றுக்கொள்கிறார். தாம் தருவது மிச்சமன்று, செலவு என்று தெரிந்தே தருகிறார்.

அத்தனிப்பொறி எவ்வாறு அமைய வேண்டும்? பொதுவாகக் கணிப்பொறி வாங்குவோர் முதலில் பொறியைத் தேர்ந்து, பின்னர் அதற்கு வேலை தேடுவர். இங்கு அம்முறை தலைகீழாக வேண்டும். பணியைத் தேர்ந்த பின்னரே பொறியைத் தேர வேண்டும். புரதங்கள் மடியும் விதத்தை ஆராயும் போல்டிங் அட் ஹோம் திட்டத்திற்கு வரைகலை அட்டையே வலக்கை. மெர்சென் பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்திலோ, மையச்செயலி எவ்வளவு விரைவாக நினைவகத்தோடு எண்களைப் பரிமாறிக்கொள்ளும் என்பது முதன்மை பெறுகிறது. செயலி விரைந்ததாயினும் நினைவகம் மெதுவானதாயின், பரிமாற ஆளில்லாப் பந்திபோல் வேலை நின்றுவிடும்.

வேண்டாதவற்றை விலக்குவது அடுத்த கடமை. இப்பொறிக்குத் திரை வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா, பெருங்கொள்ளளவுத் தட்டும் வேண்டா. வேறொரு கணிப்பொறியிலிருந்து வலை வழியே அதனை நடத்தலாம். விலக்கியதால் மிஞ்சும் பணத்தைப் பலர் காணாத உறுப்பொன்றில் இடுவது அறிவுடைமை. அது மின்வழங்கி. சுவரிலிருந்து பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்தித் தருவதும் உண்டு. கணிசமான பங்கை வெப்பமாகவே கழித்துவிடுவதும் உண்டு. ஆண்டு முழுதும் ஓயாது ஓடும் பொறியில் இவ்வேறுபாடு சிறிதன்று.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 200 வாட் உண்ணும் பொறி ஒரு நாளில் 4.8 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும்; ஓராண்டில் 1,752 யூனிட். சில ஆண்டுகளில் மின்கட்டணம் பொறியின் விலையையே எட்டக்கூடும். எனவே விரைவு எவ்வளவு என்பதைக் காட்டிலும், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வேலை என்பதே கேட்கத்தக்க கேள்வி. செயலியின் மின்வரம்பைச் சற்றுத் தாழ்த்தினால், வேகம் சிறிது குறையும். செலவு அதனினும் மிகுதியாகக் குறையும். உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகளுக்கே மிகுந்த மின்சாரம் செலவாகிறது. முழு மூச்சில் ஓடுபவனைவிட நிதானமாக நடப்பவன் நெடுந்தொலைவு சென்று சேர்வது போன்றது இது.

உண்ட மின்சாரம் எங்கே போகிறது? ஒவ்வொரு வாட்டும் இறுதியில் வெப்பமாகவே அறையில் கலக்கிறது. குளிர்நாட்டில் அவ்வெப்பம் கூதிர்காலத்தில் வரவாகும். வெப்பநாட்டில் அதனை வெளியேற்ற மேலும் செலவு செய்ய நேரும். காற்று உட்புகும் வழியும் வெளியேறும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். விசிறியில் படியும் தூசியை அவ்வப்போது துடைத்தல் வேண்டும். மின்தடை நேரும் ஊராயின், செய்த கணக்கை இடையிடையே பதிந்துவைக்கும் ஏற்பாடும் இன்றியமையாதது. பெரும்பாலான திட்டங்களின் மென்பொருள்கள் இதனைத் தாமே செய்கின்றன.

பொறியின் நேர்மை பற்றியும் சொல்ல வேண்டும். மிகை வேகத்தில் முடுக்கப்பட்ட செயலியோ, பழுதுபட்ட நினைவகமோ பொய்க்கணக்கைத் தரக்கூடும். அப்பொய் வெளியே தெரியாது. எழுத்துப் பிழையைப் படிப்பவர் கண்டுகொள்வார். பல நாள் ஓடிய கணக்கின் நடுவில் ஒரேயொரு துளி மாறியதை யார் காண்பது? ஆகவேதான் பல திட்டங்களில் ஒரே துண்டை இரு வேறு வீடுகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துவந்தால் மட்டுமே ஏற்கின்றனர். ஜிம்ப்ஸ் மென்பொருளில் கணக்கு ஓடும்போதே பிழையைக் கண்டறியும் முறையொன்று பின்னாளில் இணைந்தது. ராபர்ட் கெர்பிச் என்பவர் கண்ட முறை அது. முடுக்கிவிட்ட வேகத்தைப் பறைசாற்றும் பொறியைவிட, ஒருமுறையும் பிழையாது உழைக்கும் பொறியே இவ்வறத்திற்கு ஏற்றது.

இத்தனை உழைப்பும் என்ன கண்டது? ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்னும் திட்டம் 2005இல் தொடங்கியது. அரெசிபோத் தொலைநோக்கி 2007இல் பதிந்த செய்தியிலிருந்து, முன்பு அறியப்படாத துடிவிண்மீன் ஒன்றை அது கண்டறிந்ததாக 2010 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், வினாடிக்குச் சுமார் 41 முறை சுழலும் விண்மீன் அது. அதனைக் கண்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரில் வாழும் ஒரு தம்பதியரின் கணிப்பொறியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தார் ஒருவரின் கணிப்பொறியும். இரு பொறிகளுக்கும் இடையே ஒரு பெருங்கடல். ஆயினும் இரு விடைகளும் ஒத்துவந்தமையால் ஒரு விண்மீன் உலகுக்குத் தெரியவந்தது.

மற்றொரு நிகழ்ச்சி பொறுமையைப் பற்றியது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜொனாதன் பேஸ் என்னும் மின்பொறியாளர் 14 ஆண்டுகள் மெர்சென் பகா எண்களைத் தேடினார். 2017 டிசம்பர் 26 அன்று அவருடைய பொறியொன்றில் 23,249,425 இலக்கங்கள் கொண்ட பகா எண் கிட்டியது. எளிய மேசைக் கணிப்பொறியில் வாய்க்கும் செயலிதான்; ஆறு நாள் இடைவிடாது ஓடி அவ்விடையைத் தந்தது. அந்த ஆறு நாளுக்குப் பின்னே 14 ஆண்டுகளின் "இல்லை", "இல்லை" என்னும் விடைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வில்லைகளும் வீணல்ல. இவ்வெண் பகா எண் அன்று என்று ஒருவர் உறுதிசெய்துவிட்டால், பின்வருவோர் அவ்வழியில் மீண்டும் தேட வேண்டுவதில்லை.

நகைப்புக்குரிய நிகழ்ச்சியும் உண்டு. 2015 செப்டம்பர் 17 அன்று ஒரு பொறி 22,338,618 இலக்கமுள்ள பகா எண்ணைக் கண்டு தன் விடையை அனுப்பிவிட்டது. மென்பொருட் பிழையால் அறிவிப்பு மடல் எவருக்கும் சென்று சேரவில்லை. 2016 சனவரி 7 அன்று, வழக்கமான பராமரிப்பின்போதுதான் அது மனிதர் கண்ணில் பட்டது. உலகின் மிகப்பெரிய பகா எண் ஏறத்தாழ நான்கு மாதம் கேட்பாரின்றிக் கிடந்தது!

இனி, கசப்பான கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டும். வீட்டுப் பொறியின் காலம் முடிந்துவிட்டதா? 2024 அக்டோபரில் லூக் டூரண்ட் கண்ட பகா எண் 41,024,320 இலக்கங்கள் கொண்டது. அதனைக் கண்டது ஒரு வீட்டு மேசைப் பொறியன்று. 17 நாடுகளில் வாடகைக்குப் பெற்ற வரைகலைச் செயலிகளின் பெருங்கூட்டம் அது. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் ஜிம்ப்ஸைத் தொடங்கியது முதல் 28 ஆண்டுகள் எளிய கணிப்பொறிகளிடம் இருந்த பெருமை அன்று கைமாறியது. சேட்டி அட் ஹோமும் 2020 மார்ச் 31 அன்று புதிய துண்டுகளை அனுப்புவதை நிறுத்தி, வந்து குவிந்த விடைகளை ஆராய்வதில் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அரெசிபோத் தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது.

எனினும், அதே 2020ஆம் ஆண்டே மறுமொழியையும் தந்தது. கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, அக்கிருமியின் புரதங்களை ஆராயப் போல்டிங் அட் ஹோம் அழைப்பு விடுத்தது. இலட்சக்கணக்கானோர் தம் பொறிகளை ஈந்தனர். அவற்றின் கூட்டாற்றல், வினாடிக்கு ஒன்றின்பின் 18 சுழியம் இட்ட எண்ணிக்கையிலான கணக்குகளைச் செய்யும் எல்லையைக் கடந்தது. அந்நாளில் உலகின் எந்தத் தனிப் பெருங்கணிப்பொறியும் அவ்வெல்லையை எட்டியிருக்கவில்லை. வந்த பொறிகளுக்கெல்லாம் கொடுக்க வேலைத்துண்டுகள் போதாமல் திட்டத்தார் திணறியதும் உண்டு. பந்திக்கு வந்தவர்களைவிடப் பரிமாற வந்தவர்கள் மிகுதியான அரிய காட்சி அது.

ஆகவே, தொடக்கத்து வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. மதிப்பெண் பட்டியலில் தன் பெயர் மேலேறுவதைக் காண்பதற்காகவே பொறி கட்டினால், அது மின்சாரத்தை எரிக்கும் விளையாட்டாகவே முடியும். பயன் தரும் பணியைத் தேர்ந்து, அதற்கேற்ற பொறியை அளவோடு அமைத்து, ஒரு யூனிட்டும் வீணாகாது நடத்தி, பணி முடிந்ததும் அணைத்துவிடும் துணிவும் உடையவர் செய்வது ஈகையே. வைத்த உலை யார் பசிக்கு என்று தெரிந்திருத்தல் வேண்டும். பசி தீர்ந்தபின் அடுப்பை அவித்துவிடவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

கவிஞர் அவையில் இப்பொருளை வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு நடந்த இலக்கிய வட்டமும் இத்தகையதே. இங்கு வாசிக்கப்பட்ட கவிதைகளுள் எது நிலைக்கும் என்று அதை வாசித்தவர் அறியார். நாற்காலி எடுத்துப் போட்டவரின் பெயரும், அழைப்பிதழ் எழுதி அஞ்சலில் சேர்த்தவரின் பெயரும் எந்தக் கவிதையின் அடியிலும் இல்லை. ஆயினும் அவர்களின்றி அக்கவிதை ஒருவர் செவியையும் எட்டியிராது. ஆளரவமற்ற அறையில், திரையுமின்றி, சிறுவிளக்கு மட்டும் மினுங்க, விடை "இல்லை" எனினும் அடுத்த கணக்கைக் கையிலெடுக்கும் பொறியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனைக் கட்டியவர் காலையில் எழுந்து விசிறியின் தூசியைத் துடைக்கிறார். அன்றைய துண்டு எந்த விண்மீனுடையது, எந்த நோயினுடையது என்று அவர் அறிந்திருக்கலாம். அதன் பயன் என்று வரும், யாரைச் சேரும் என்பதை அவர் அறிவதில்லை. அறியாமலே மறுநாளும் உலை வைக்கிறார்.